பலகைக்கு மேலே

எங்கள் ஏழு குடும்பத்துக்கும் கூரை ஒன்றுதான். வெள்ளைக்காரத் துரை ஒருவர் விருந்து வைத்து ஆடுவதற்கென்றே கட்டிய கூடம் இது. விட்டத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். துரைக்குப் பிறகு போர்க்கால ஆஸ்பத்திரி, அப்புறம் கோர்ட்டு, கோர்ட்டும் போனபின் மில் தொழிலாளர் குடியிருப்பு. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரை பலகை அடித்து, ஏழு அறையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதற்கு மேலே எல்லாம் பொது.

மத்தியானம் கண் அசந்தால் போதும், மேலே தேங்கிக் கிடக்கிற சத்தமெல்லாம் மெல்ல இறங்கி வரும். பியானோ கேட்கும். யாரோ தண்ணீர் கேட்டு முனகுவார்கள். கோர்ட்டு டவாலி மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவான். நடுவே நாலாம் வீட்டுக் குழந்தையின் ஏப்பமும் சேர்ந்துகொள்ளும். எது எந்தக் காலத்துச் சத்தம் என்று பிரித்துப் பார்க்க நான் மெனக்கெட்டதில்லை.

இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. பலகைக்கு மேலாக வந்த சத்தத்துக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது. தும்மலோ, புருஷன் பெண்டாட்டி சண்டையோ, கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏழு குடும்பம் எப்படிக் குப்பை கொட்டுவது?

எனக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. பக்கத்து அறையில் என் அக்கா. அம்மா செத்த அன்று, "நீ பார்த்துக்கிட்ட லட்சணம்தான் இது" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். பாவி, என் நாக்கை அறுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அவள் இருமினால் எனக்குத் தெரியும், புரண்டு படுத்தால் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினேன்.

இப்போது தடுப்பையெல்லாம் கூரைவரை ஏற்றி அடைக்கச் சொல்லி உத்தரவு. எல்லோருக்கும் ஏக சந்தோஷம். தச்சர் முதல் அறையிலிருந்து அடைத்துக்கொண்டே வந்தார். அடைக்க அடைக்க மேலே கூட்டம் குறைந்தது. பியானோ நின்றது. டவாலியும் வரவில்லை. இன்று அக்காவுக்கும் எனக்கும் நடுவில் உள்ள தடுப்பு.

"இதான் கடைசிப் பலகை. தள்ளி நில்லுங்கம்மா" என்றார் தச்சர், ஏணிமேலிருந்து.

அந்தப் பக்கம் அக்கா இருமினாள். இனிமேல் இதுவும் கிடையாதா? கட்டுப்பாடாவது மண்ணாங்கட்டியாவது!

"அக்கா! வெந்நீர் வச்சுக் குடியேன். மூணு நாளா இருமிக்கிட்டே இருக்கே."

தச்சர் ஓங்கிய சுத்தியலை இறக்கவில்லை. பலகைக்கு மேலாக அக்கா குரல் வந்தது.

"அது கெடக்கட்டும். நீ ஏன்டி ரெண்டு நாளா பிரஷர் மாத்திரை போடலை? டப்பா திறக்கிற சத்தமே காணோம்."

பலகையில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். மாத்திரை தீர்ந்துபோய்விட்டது, வாங்கச் சோம்பல், அவ்வளவுதான்.

"அம்மா, அடிக்கட்டுமா வேண்டாமா?" என்றார் தச்சர்.

"நீங்க பாட்டுக்கு அடிங்க" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே, செருப்பைக்கூட மாட்டாமல் அக்கா வாசலுக்கு ஓடினேன்.