மச்சான் உட்கார்ந்த பக்கம்

லிஃப்ட்காரரின் படகு வலப்பக்கம் சாய்ந்தது. நின்றால் சாயாது. மெல்லப் போனாலும் சாயாது. வேகம் எடுத்து மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியதும், யாரோ ரகசியம் சொல்லக் கூப்பிட்டதைப் போல வலக்காதைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு, அப்படியே கேட்டுக்கொண்டே போகும். சமையல் மேடையிலிருந்து உருண்ட ஓர் ஆரஞ்சுப்பழம் வலப்பக்கச் சுவரோரம் மூன்று வாரமாகக் கிடந்தது. எடுத்து வைத்தாலும் திரும்ப அங்கேதான் வரப்போகிறது என்று அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை.

லிஃப்ட்காரர் முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு கோடிப் பேரை மேலே அனுப்பி, அதே நாலு கோடிப் பேரைப் பத்திரமாகக் கீழே இறக்கியிருப்பதாக அவருக்கு ஒரு கணக்கு. ஒருத்தர்கூட நன்றி சொன்னதில்லை என்பது அவருடைய நிரந்தர வருத்தம். மேலும் கீழும் போனது போதும், இனிமேல் நேராகப் போகலாம் என்றுதான் இந்தப் பழைய மோட்டார் படகை வாங்கினார். இரண்டு இன்ஜின், ஒரு படுக்கையறை, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால் ஒருவர் நிற்கக்கூடிய சமையலறை. பெற்ற பிள்ளைகளின் போட்டோகூட அவர் பர்சில் கிடையாது. படகின் போட்டோ இரண்டு இருந்தது, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.

சாய்வுக்குக் காரணத்தை அவர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். காரணம் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவியின் அண்ணன். மெத்தைக்கடை வைத்திருந்து பிள்ளைகளிடம் விட்டுவிட்டவர். நூற்றுப் பதினெட்டு கிலோ.

"மச்சான், கொஞ்சம் இடப்பக்கம் வந்து உக்காருங்களேன்."

"ஏன் மாப்ளே? இங்க காத்து நல்லாருக்கு."

"காத்து நல்லாத்தான் இருக்கு. படகுதான் நல்லா இல்ல."

மச்சான் எழுந்து இடப்பக்கம் போனார். படகு வலப்பக்கமே சாய்ந்தது.

"என்ன மாப்ளே, இன்னும் அப்படியே போகுது?"

"எடை இடம் மாறினதும் உடனே தெரியாது மச்சான். கொஞ்ச நேரம் பழைய பழக்கத்துலயே இருக்கும். லிஃப்ட்லயும் இப்படித்தான்."

லிஃப்ட்டில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் மச்சானுக்கு லிஃப்டைப் பற்றி என்ன தெரியும்? அவர் நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை, ரோஷமும் பட்டார். மறுநாளே இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். நாற்பத்தொரு நாள். தெருமுனை பேக்கரிக்காரர் வியாபாரம் படுத்துப்போய், மச்சானுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஒன்பது கிலோ குறைந்தது. நாற்பத்திரண்டாம் நாள் மச்சான் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வெற்றி வீரராகப் படகில் ஏறினார்.

படகு வேகமெடுத்தது. வலப்பக்கம் சாய்ந்தது. போன மாதத்தைவிட ஒரு விரல்கடை கூடுதலாகவே சாய்ந்தது.

லிஃப்ட்காரர் மோவாயைத் தடவினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அந்த ஒம்பது கிலோவும் உங்க இடப்பக்கத்துலயே குறைஞ்சிருக்குமோ?"

மச்சான் அவரைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு கூட வந்திருந்த தங்கையைப் பார்த்தார். "கரைக்கு விடச் சொல்லும்மா" என்றார். கரையில் இறங்கியவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இனிமே இந்தப் படகுல நான் காலை வெச்சா, என்னை என்னான்னு கேளு" என்று படகுத்துறைக் கம்பத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

லிஃப்ட்காரரின் மனைவி இருபத்தெட்டு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் இன்னமும் பஸ்ஸில் போவதற்கு அவர்தான் காரணம். அழுதவர்களையும் பார்த்திருக்கிறார், மயங்கி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறார், காரைத் தேர்வு அலுவலகத்துக்குள்ளேயே ஓட்டி வந்தவரையும் பார்த்திருக்கிறார். எல்லோருக்கும் ஒரே குரல்தான்.

"பதினஞ்சு நாள் டைம். படகு நேரா ஓடணும். அண்ணன் அதுல உக்காந்திருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் படகை வித்துடலாம்."

"நேரா ஓட வெச்சிடறேன். ஆனா மச்சான் வரலேன்னா அது என் தப்பா?"

"ரெண்டும்னு சொன்னேன்" என்றார் மனைவி. மறுநாள் ஒரு பலகையில் 'விற்பனைக்கு' என்று எழுதி, பெயின்ட் காய்வதற்காகக் கூடத்தில் சாய்த்து வைத்தார். காய்ந்த பிறகும் அது அங்கேயே நின்றது.

இப்போது லிஃப்ட்காரர் மச்சானை விட்டுவிட்டுப் படகைப் பார்க்கத் தொடங்கினார். பின்பக்கம் தண்ணீருக்கடியில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, சாப்பாட்டுத் தட்டு நாலைச் சேர்த்து வைத்த அளவில் இரண்டு எஃகுத் தட்டுகள் உண்டு. டிரிம் தட்டு என்பார்கள். ஓட்டுகிறவர் முன்னால் தட்டுக்கு இரண்டு பொத்தான் இருக்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால், எண்ணெய் அழுத்தத்தில் குழாயிலிருந்து ஒரு கம்பி நீண்டு தட்டைக் கீழே தள்ளும். மேல் பொத்தானை அழுத்தினால் கம்பி உள்ளே போய்த் தட்டு மேலே வரும். லிஃப்ட்காரர் இதைப் பார்த்த மாத்திரத்தில், "ரெண்டு மாடி லிஃப்ட். அவ்வளவுதான்" என்று சொல்லி, கூட வந்த புத்தகத்தை ஆடும் மேசைக்கு அண்டை கொடுத்திருந்தார்.

எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தில்தானே நோய்? நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுரண்டுகத்தியோடு தண்ணீரில் இறங்கி, வலத் தட்டைச் சுரண்டினார். அதன் கம்பியையும் சுரண்டிப் பளபளவென்று துடைத்தார். மீன்கள் வந்து முகம் பார்த்துவிட்டுப் போகிற அளவுக்குப் பளபளப்பு. படகு வலப்பக்கம் சாய்ந்தது. மறுபடி இறங்கிச் சுரண்டினார். மறுபடி சாய்ந்தது. எட்டு நாள் இப்படிப் போனது. இடப்பக்கத்தை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது சமர்த்துப் பக்கம்.

ஒன்பதாம் நாள் வேறு வழியில்லாமல் படகைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு அகலப் பட்டைகளில் படகைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் குனிந்து போனவர் இடப்பக்கத்தில் நின்றுவிட்டார்.

"சார், இங்க வாங்க. இது என்னது?"

இடத் தட்டு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கும் கம்பி கம்பியாகவே இல்லை. கல் கல்லாகக் கொட்டலசு அப்பியிருந்தது. படகின் அடியில் சிப்பி போல ஒட்டிக்கொண்டு வளருமே, அதுதான். ஒரு குடும்பம் வந்து, சொந்தக்காரர்களை வரவழைத்து, பேரன் பேத்தி எடுத்து, மாடி கட்டி வாழ்ந்த மாதிரி இருந்தது.

"கம்பி உள்ள போகணும்னா இது எல்லாம் அந்த ஓட்டை வழியா போகணும். எப்படிப் போகும்? தட்டு கீழயே மாட்டிக்கிச்சு" என்றார் பட்டறைக்கார அம்மா.

"ஆனா படகு சாயறது வலப்பக்கம். நீங்க பாக்கறது இடப்பக்கம்."

பட்டறைக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். "கார்ல போறப்ப ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருக்கீங்களா? உள்ளங்கையைச் சாய்ச்சுப் பிடிச்சா காத்து கையைத் தூக்கும் இல்ல? அதேதான். தட்டு கீழ இறங்கினா தண்ணி அதை மேல தள்ளும். இடது தட்டு இறங்கினா இடப்பக்கப் பின்புறம் தூக்கும். இடப்பக்கம் தூக்கினா எந்தப் பக்கம் சாயும்?"

"வலப்பக்கம்" என்றார் லிஃப்ட்காரர், மெதுவாக.

"சரி. அப்போ வலப்பக்கம் உக்காந்திருந்ததா சொன்னீங்களே ஒருத்தர், அவர் என்ன பண்ணினார்?"

"காத்து வாங்கினார்."

பட்டறைக்கார அம்மா சுரண்டுகத்தியை எடுத்துக்கொண்டார். "கம்பி இப்படி ஆகணும்னா மாசக்கணக்குல வெளிய நீட்டிக்கிட்டே இருந்திருக்கணும். படகைக் கட்டிட்டு வீட்டுக்குப் போறப்ப தட்டை மேல தூக்கி வெச்சிட்டுப் போவீங்களா, கீழ இறக்கிட்டுப் போவீங்களா?"

லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்குத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் தயாராகிக்கொண்டிருந்தார். "கீழ. வேலை முடிஞ்சா லிஃப்டைத் தரைத்தளத்துல இறக்கி நிறுத்திட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். முப்பத்திரெண்டு வருஷத்துல ஒரு நாள் தவறினது இல்ல."

"இது லிஃப்ட் இல்ல சார்" என்றார் பட்டறைக்கார அம்மா. "மேல தூக்கிட்டா கம்பி குழாய்க்குள்ள போயிடும். உள்ள இருக்கற கம்பியில எதுவும் குடியேறாது. நீங்க ராத்திரியெல்லாம் கதவைத் திறந்து வெச்சிட்டுப் போயிருக்கீங்க. இந்தப் பக்கம் ரப்பர் வளையமும் கிழிஞ்சிருக்கு, அதான் இது முதல்ல மாட்டிக்கிச்சு."

அதோடு விடவில்லை. தட்டில் திருகியிருந்த ஒரு துத்தநாகக் கட்டியைக் காட்டினார். அதற்கு வெள்ளைப் பெயின்ட் அழகாக இரண்டு பூச்சு அடிக்கப்பட்டிருந்தது.

"இது யார் வேலை?"

"நான்தான். கரைஞ்சிக்கிட்டே வந்துது. பாதுகாப்பா இருக்கட்டுமேன்னு அடிச்சேன்."

"இது கரையறதுக்குத்தான் இருக்கு சார். உப்புத் தண்ணி எதையாவது அரிச்சே தீரும். இது கரைஞ்சா எஃகு தப்பிக்கும். இதுக்குப் பெயின்ட் அடிச்சா எஃகு போயிடும்."

லிஃப்ட்காரர் கட்டியைத் தடவிப் பார்த்தார். கரைய வேண்டியது பெயின்ட் பூசிக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருக்க, கரைய வேண்டாத மச்சான் ஒன்பது கிலோ கரைந்துபோயிருந்தார்.

மூன்று நாளில் வேலை முடிந்தது. கம்பியில் கீறல் விழாமல் சுத்தம் செய்து, கிழிந்த ரப்பர் வளையத்தை மாற்றி, எண்ணெய் ஊற்றி, புதுத் துத்தநாகக் கட்டியைப் பெயின்ட் படாமல் திருகினார் பட்டறைக்கார அம்மா. பொத்தான்களை அழுத்தியதும் இரண்டு தட்டும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின. பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதி, மெத்தைக்கடைக்காரர் வீட்டில் இருந்தது.

"என்னாச்சு? எதனால சாஞ்சுதாம்?" என்று கேட்டார் மனைவி, கூடத்தில் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி.

"பொதுவா பாத்தா, கடல் தண்ணியில இந்த மாதிரி..."

"சிக்னல்ல நிக்காம போனவன் எல்லாம் இப்படித்தான் 'பொதுவா'ன்னு ஆரம்பிப்பான்."

லிஃப்ட்காரர் உள்ளதைச் சொன்னார். மனைவி முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நாள் மூணு பாக்கி இருக்கு. அண்ணன் வீட்டுலதான் இருக்காரு."

மச்சான் வீட்டில் நாற்காலி என்று ஒன்றும் கிடையாது. உட்காரும் இடமெல்லாம் கடையில் விற்காமல் போன மெத்தைதான். லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டே இருந்தார். ஒருவழியாகத் தரை தட்டியபோது அவர் மூக்கு முழங்காலுக்கு நேராக இருந்தது. மச்சான் மேலிருந்து பார்த்தார்.

"சொல்லுங்க மாப்ளே."

"படகைச் சரி பண்ணியாச்சு மச்சான். ஒரு தட்டு மாட்டிக்கிட்டிருந்துது."

"மாட்டிக்கிச்சா, மாட்ட வெச்சாங்களா?"

மனைவி அண்ணனுக்கு முன்பே போன் பண்ணிவிட்டார் என்று லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. மெத்தையிலிருந்து தப்பித்து ஓடவும் வழியில்லை. எழுந்திருக்கவே யாராவது கை கொடுக்க வேண்டும்.

"நான்தான் மச்சான். தினமும் கீழ இறக்கி வெச்சிட்டு வந்தேன். சாய்ச்சது நான்தான்."

"அப்போ என் எடை?"

"சம்பந்தமே இல்ல."

"அந்த ஒம்பது கிலோ?"

"அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"நாப்பத்தோரு நாள் மாப்ளே. எதிர்வீட்டுல தாளிக்கிற வாசனைக்கு ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்தேன்." மச்சான் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "கண்ணாடி முன்னாடி நின்னு, இடப்பக்கம் குறைஞ்சிருக்கா, வலப்பக்கம் குறைஞ்சிருக்கான்னு டேப்பு வெச்சு அளந்தேன். ஒரு பெரிய மனுஷன் பண்ற வேலையா இது?"

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. "மன்னிச்சிடுங்க மச்சான். படகு நல்லாருக்கணும்னு பாத்தேன். அதுல யாரு மேல பழி விழுதுன்னு பாக்கல" என்றார் மெத்தைக்குள்ளிருந்து.

மச்சான் நழுவிய கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டி அவரைத் தூக்கி விட்டார். "ஞாயித்துக்கிழமை வரேன். ஆனா எங்க வேணா உக்காருவேன்."

"எங்க வேணா உக்காருங்க மச்சான்."

"எந்திரிச்சு நடப்பேன்."

"நடங்க மச்சான்."

ஞாயிற்றுக்கிழமை கடல் இஸ்திரி போட்டதைப் போல இருந்தது. படகு வேகமெடுத்தது, மூக்கைத் தூக்கியது, லிஃப்ட்காரர் பொத்தான்களைத் தொட்டதும் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, கோடு போட்ட மாதிரி ஓடியது. மச்சான் நட்டநடுவில், இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்ததைப் போல உட்கார்ந்திருந்தார். மனைவி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் அபூர்வமாகவே சொன்ன வார்த்தையைச் சொன்னார்.

"பாஸ்."

லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கியது. காற்று என்று சொல்லிக்கொண்டார்.

அப்போது மச்சான் எழுந்தார். தூரத்தில் ஏதோ கப்பல் தெரிகிறதாம். மெல்ல நடந்து போய் வலப்பக்க இருக்கையில், கொண்டுவந்த பெரிய டிபன் பெட்டியோடு, பொத்தென்று அமர்ந்தார். படகு வலப்பக்கம் சாய்ந்தது. கொஞ்சம்தான். ஆனால் சந்தேகமே இல்லாமல் சாய்ந்தது. தட்டும் சரி, கம்பியும் சரி, எண்ணெயும் சரி. இந்த முறை காரணம் மச்சானேதான், முழுக்க முழுக்க மச்சான்தான்.

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். மனைவி திரும்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, சாயுதா?" என்று கேட்டார் மச்சான், பெட்டியைத் திறந்துகொண்டே.

லிஃப்ட்காரர் வலத் தட்டின் கீழ்ப் பொத்தானை இரண்டு தட்டு தட்டினார். படகு நிமிர்ந்தது.

"இல்ல மச்சான். நேராத்தான் போகுது."