ரயில்காரரின் மேல்வரிசை

மேல்வரிசைப் பல் மொத்தமும் போன ஐந்து பேருக்கு, ஒரே வருடத்தில், தாடை எலும்பில் ஆறாறு திருகாணி இறக்கி நிலையான பல்வரிசை கட்டினாள் பல் டாக்டர். ஐவருக்குமே சர்க்கரை, ஐவருக்குமே எலும்பு தகரமாய் மெலிந்திருந்தது. நான்கு பேருக்கு ஐந்தாறு வருடத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. ஐந்தாமவரான ரயில்காரருக்கு மட்டும் பன்னிரண்டு வருடமாக அசையாமல் நிற்கிறது. அதுவும் சிகரெட்டை விடவே விடாத மனிதருக்கு! இதில் என்ன நியாயம் இருக்கிறது, சொல்லுங்கள்.

டாக்டருடைய அக்கா இப்போது கழற்றி மாட்டும் பல்செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். அதே சர்க்கரை, அதே மெலிந்த எலும்பு. "எனக்கும் நிலையா கட்டி விடேன்டி" என்று கேட்டு மாதக்கணக்காகிறது. கட்டியது கழன்றால் இருக்கிற எலும்பையும் அரித்துக்கொண்டு போகும், அப்புறம் செட்டுகூட உட்காராது. அக்காவுக்கு இன்று பதில் சொல்லியாக வேண்டும்.

அதனால்தான் ரயில்காரரை வரச்சொல்லியிருந்தாள். எக்ஸ்ரேயில் ஆறு திருகாணியும் கம்பீரமாக நின்றன. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா? பாதி நாள் மறந்துவிடுவாராம். சாப்பாட்டில் கட்டுப்பாடு? சிரித்தார். டாக்டருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி, காலையில எழுந்ததும் பல்லுக்குன்னு என்னதான் பண்ணுவீங்க?"

"தேய்ப்பேன். அப்புறம் தட்டுவேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு டீ ஸ்பூனை எடுத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை டிக் டிக் என்று தட்டிக் காட்டினார். "முப்பது வருஷமா இதானே என் பொழப்பு, டாக்டரம்மா. வண்டி வந்து நின்னதும் ஒவ்வொரு சக்கரத்தையும் சுத்தியலால தட்டிப் பார்க்கணும். நல்ல சக்கரம் கணீர்னு பேசும், விரிசல் விட்டது மொண்ணையா பேசும். இங்கேயும் சத்தம் மாறினா உடனே உங்ககிட்ட ஓடி வந்துடுவேன். நீங்கதானே திறந்து முறுக்கி விடுவீங்க? மறந்துட்டீங்களா?"

அவர் போனதும் அவருடைய ஃபைலை எடுத்தாள். ஒன்பது இடத்தில், அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'எக்ஸ்ரே சரி. அசைவு இல்லை. நோயாளியின் மனத்திருப்திக்காகத் திறந்து முறுக்கப்பட்டது. கால் சுற்று.'

கால் சுற்று! பல்வரிசையைத் திருகாணியோடு பிடித்திருக்கும் குட்டித் திருகு இறுகியிருந்தால் கால் சுற்று சுற்றுமா? ஒன்பது தடவையும் அது நிஜமாகவே தளர்ந்திருக்கிறது. ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் மற்றவற்றின் மேல் விழும், மெலிந்த எலும்பு அதைத் தாங்காது. மற்ற நான்கு பேரும் ஈறு வீங்கிய பிறகுதான் வந்தார்கள். இத்தனை வருடம் தன் கைராசி என்று மனசுக்குள் மார்தட்டிக்கொண்டதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஸ்பூனில் தொடங்கி ஃபைல்வரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அக்கா கடைசிவரை கேட்டாள். "எனக்கு அந்தக் காதெல்லாம் கிடையாதுடி. ஆனா ஒண்ணு கேக்கறேன். ஏதோ மாதிரி இருக்குன்னு நான் வந்து சொன்னா, திறந்து பார்ப்பியா?"

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே அக்கா, இதே பெஞ்சில் உட்கார்ந்து, "பல்லு ஏதோ மாதிரி இருக்குடி" என்று மூன்று தடவை சொன்னாள். "உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்து அனுப்பியவள் இவள்தான். பிறகு ஒவ்வொன்றாக மேல்வரிசை முழுவதும் போயிற்று. அக்கா ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

"திறந்து பார்க்கறேன்க்கா. ஒவ்வொரு தடவையும்."

"அப்ப கட்டு."

டாக்டர் உள்ளே போய்ப் புது ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் எப்போதும் எக்ஸ்ரே விவரம்தான் வரும். இன்று அந்த இடத்தில் 'நோயாளி சொன்னது' என்று எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் நிமிர்ந்தாள்.

"சொல்லுக்கா. அன்னைக்கு எந்தப் பல்லு ஏதோ மாதிரி இருந்துச்சு?"