வயிற்றுப்பிள்ளை தூங்கும் நேரம்

சாரதாமணியின் வயிற்றிலிருந்த பிள்ளை தூங்கும்போதெல்லாம் ஜலகண்டாபுரத்தில் அவர்கள் தெருவின் விசைத்தறிகள் நின்றுவிடும், விழித்ததும் ஓடும். மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்தவர் கரண்டில் குறை ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சேலத்திலிருந்து வரவழைத்த மெக்கானிக், மோட்டார் சுற்றுகிறது, பெல்ட்டும் ஓடுகிறது, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா மட்டும் அசையாமல் கிடக்கிறது, இது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். அப்போது சாரதாமணிக்கு நாற்பத்தைந்து வயது. மூத்த மகள் பிரீத்திக்கு, உண்மையில் ஒரே மகளுக்கு, ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

பிரீத்திக்குப் பிறகு சாரதாமணிக்கு இரண்டு தடவை கலைந்துபோயிற்று. அதன் பின் பத்து வருஷம் அவள் கோயில் கோயிலாகப் போய், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக உட்கார்ந்து, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டாள். சித்திரையில் மாதவிலக்கு நின்றபோது தெருப் பெண்கள் எல்லோரும் அது நிற்கிற வயசுதான் என்றார்கள். அவளுக்கும் ஒரு தொல்லை விட்டது என்றே இருந்தது. வயிறு உப்பியது வாயுவால் என்று ஓமத் தண்ணீர் குடித்தாள். ஆனியில் சேலத்துக்குப் போனபோது டாக்டரம்மா ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். இந்த வயதில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் கவனமாகப் பார்க்க வேண்டும், இன்னும் சில பரிசோதனைகள் உண்டு, வேண்டுமா வேண்டாமா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள் என்றார். சாரதாமணி தாரமங்கலம் வழியாக ஊர் திரும்பும் வரை ஸ்கேன் கவரை முந்தானைக்குள் வைத்திருந்தாள், பக்கத்து சீட்டுக்காரி அதைப் படித்துவிடுவாள் என்பது போல.

தறி ஓடும் தெருவில் ரகசியம் பேச யாரும் வீட்டுக்குள் போவதில்லை. பட்டறைக்குள் போவார்கள். அத்தனை தறிகளும் அடிக்கிற சத்தத்தில், காதுக்கு நேரே முழுத் தொண்டையில் கத்தினாலும் மூன்றாவது ஆளுக்குக் கேட்காது. பங்காளித் தகராறு, ஓடிப்போகும் யோசனை, மாமியார் மேலுள்ள கசப்பு என்று அந்தத் தெருவின் அந்தரங்கங்கள் எல்லாம் தலைமுறையாகக் கத்திக் கத்தியே பேசித் தீர்க்கப்பட்டவை. சாரதாமணியும் கணவன் மணியனைப் பட்டறையில் தறிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவன் காதருகே வாயை வைத்துக் கத்தினாள்.

"ஏனுங்க, நான் முழுகாம இருக்கறனுங்க. நாலு மாசமாச்சு."

பிள்ளை முதல் தடவையாகத் தூங்கியது அவள் கத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான். தெரு முழுக்கத் தறிகள் நின்றன. முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்தில் பாதிக் காது போயிருந்த மணியனுக்கு அது நின்றது தெரியவில்லை. அதே தொண்டையில் பதிலுக்குக் கத்தினான்.

"யாருக்குந் தெரிய வேண்டாம் சாரதா!"

அன்று பொழுது சாய்வதற்குள் டீக்கடையில் மணியனிடம், கல்யாணப் பத்திரிகையோடு பேர் வைக்கிற பத்திரிகையையும் சேர்த்தே அடித்துவிட்டால் அச்சுக்கூலி மிச்சமாகுமே என்று யோசனை சொன்னார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்த்த பிரீத்தி சனிக்கிழமை வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல், மேடையில் என் பக்கத்தில் எப்படி நிற்பாய் என்று அம்மாவைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். மணியன் மட்டும், இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இழுத்தான். சாரதாமணி அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "கேட்டப்பவெல்லாம் வரல. அதும்பாட்டுக்கு வந்துருக்குது. நம்ம பாட்டுக்குப் போகச் சொல்ல முடியாதுங்க."

தறி நிற்பதற்கும் அவள் வயிற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை எதிர்வீட்டு ஆத்தாயிதான் கண்டுபிடித்தாள். நாலு பெற்றவள். ஒரு மத்தியானம் சாரதாமணியின் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது உள்ளே பிள்ளை உதைத்தது. அதே நொடியில் தெருக்கோடி வரைக்கும் நாடாக்கள் பாய்ந்தன. சாரதாமணி நடந்தால் பிள்ளை ஆட்டத்தில் தூங்கிவிடும், உட்கார்ந்து இனிப்பாக ஏதாவது சாப்பிட்டால் விழித்துக்கொள்ளும் என்பதும் ஒரு வாரத்தில் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவளைக் கேலி பேச யாருக்கும் நேரமில்லை. அவள் குடத்தைத் தூக்கினால் பிடுங்கிக்கொள்ள ஆள் வந்தது. துணி துவைக்க ஆள் வந்தது. இருபத்துமூன்று வருஷக் குடும்ப வாழ்க்கையில் பகலில் உட்கார்ந்தறியாத சாரதாமணியை அந்தத் தெரு நாற்காலியில் உட்கார வைத்து, கடலை மிட்டாயும் பாகில் ஊறிய தேன்குழலும் முறை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது. சர்க்கரை ஏறிவிடும் என்று டாக்டரம்மா கடிந்துகொண்ட பிறகு அது பேரீச்சம்பழமாக மாறியது. எல்லோரும் அவள் உடம்பைப் பற்றியே கவலைப்பட்டார்கள், தறியில் ஏற்றிய பாவு நூல் தீரும் வரைக்குமாவது. ஆடித் திருவிழாவில் அவள் மாரியம்மன் கோயிலைச் சுற்றி நடந்தபோது பம்பைக்காரர் எவ்வளவு அடித்தும் பம்பை ஊமையாக இருந்தது. அதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. பூசாரி ஒரு பிடி சர்க்கரைப் பொங்கலைக் கையில் கொடுத்து அவளைப் படியில் உட்காரச் சொன்னார்.

ஆச்சரியப்பட வேண்டியவர்கள் குமாரபாளையத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளை நந்தகுமாரின் அப்பா மயில்சாமி அங்கே பெரிய தறிப்பட்டறை வைத்திருந்தார், மரியாதை தெரிந்தவர். ஆடி கழிந்ததும் வந்தார். காபியை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. சம்பந்தத்துல ஒண்ணும் மாத்தமில்லீங்க. ஆனா எங்க சனம் பூராவும் வரும். மக கழுத்துல தாலி ஏறயில அம்மா வயித்தத் தள்ளிக்கிட்டு மேடையில நின்னா, நாளைக்கு வீடியோவுல பாக்கறதுக்கு நல்லாருக்குங்களா? தாரை வார்க்கறதுக்கு உங்க தங்கச்சியும் அவங்க ஊட்டுக்காரரும் நிக்கட்டும். நீங்க ஊட்டுலயே இருந்துக்குங்க."

சாரதாமணி மணியனைப் பார்த்தாள். மணியன் காலி டம்ளரைப் பார்த்தான். முடியாது என்றால் கல்யாணம் நின்றுபோகும் என்று மயில்சாமி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "சரிங்க" என்றாள். கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்து, சமையலறையில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த பிரீத்திக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவள் கேட்டதைத்தான் இவரும் கேட்டார். ஆனால் அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது அது வேறு மாதிரி ஒலித்தது. அவள் சம்பந்தியின் டம்ளரை நெடுநேரம் கழுவினாள்.

ஆவணி முகூர்த்தத்தன்று தெருவே பட்டறைகளைப் பூட்டிவிட்டு மண்டபத்துக்குப் போனது. தறி ஓடாத நாளில் சாரதாமணியை உட்கார வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஆத்தாயிக்குக்கூட. வீட்டில் தனியாக இருந்தவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். மண்டபம் மூன்றாவது தெருவில்தான் இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் நாதஸ்வரம் கேட்கும். கேட்டுக்கொண்டேதான் நடந்தாள். பிறகு கேட்கவில்லை. காற்று திரும்பிவிட்டது என்று நினைத்தாள்.

மண்டபத்தில் சித்தி தாரை வார்த்துக் கொடுத்தாயிற்று. நந்தகுமார் தாலியைக் கையில் எடுத்தான். ஐயர் கெட்டிமேளம் என்றார். தவில்காரர்கள் கை வலிக்க அடித்தார்கள். பஞ்சு மூட்டையை அடித்த மாதிரிகூடச் சத்தம் வரவில்லை. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பியது, அவ்வளவுதான். குமாரபாளையத்துச் சனங்கள் மேளக்காரர்களைத் திட்டினார்கள். ஜலகண்டாபுரத்துச் சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேளமில்லாமல் தாலி கட்டும் வழக்கம் இரண்டு ஊரிலும் இல்லை. முகூர்த்தம் முடியப் போகிறது என்று ஐயர் கடிகாரத்தைக் காட்டினார்.

ஆத்தாயிதான் எழுந்து மயில்சாமியிடம் வந்தாள். "பாப்பா தூங்குதுங்க" என்றாள். தறிக்காரரான அவருக்கே, தறி நிற்கும் கதையை முழுசாகச் சொன்ன பிறகுதான் விளங்கியது. அப்படியானால் போன் போட்டு அந்த அம்மாவை உட்கார்ந்து எதையாவது தின்னச் சொல்லுங்கள் என்றார் மயில்சாமி. அதுவரை தலை குனிந்திருந்த பிரீத்தி நிமிர்ந்தாள்.

"போன் வேண்டாங்க மாமா. எங்கம்மா இங்க வந்து உக்காரட்டும். அப்புறம் கட்டிக்கலாங்க."

நந்தகுமார் தாலியைத் தட்டில் வைத்தான். அவன் அன்று தானாகச் செய்த ஒரே காரியம் அதுதான், ஆனால் அது போதுமானதாக இருந்தது. மயில்சாமி தன் சனங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கார் சாவியை எடுத்தார்.

கதவைத் திறந்த சாரதாமணி சம்பந்தியைப் பார்த்ததும் கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தாள். "வாங்க சம்பந்தி, நீங்க இல்லாம மேளம் பேச மாட்டேங்குது" என்றார் அவர். சேலை மாற்ற நேரமில்லை. வீட்டில் கட்டும் பழைய நூல் சேலையோடு அவளை மேடையில் ஏற்றி, வரவேற்புக்குப் போட்டிருந்த சிம்மாசன நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜாங்கிரித் தட்டை மயில்சாமியே ஏந்தி நின்றார். அவள் ஒன்றை எடுத்து மெதுவாகச் சாப்பிட்டாள். பாதியிலேயே உள்ளே பிள்ளை புரண்டது. தவில் இடி மாதிரி விழுந்தது. அந்தக் கல்யாண வீடியோவில், தாலி ஏறுகிற நேரத்தில், ஒருவர்கூட மணமக்களைப் பார்க்கவில்லை. எல்லோரும், மணப்பெண்ணும்தான், ஓரத்தில் உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கும் ஒரு பெண்ணையே பார்க்கிறார்கள்.

கார்த்திகையில் அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். நிலா என்று பேர். பிரீத்தி ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். பிறந்த பிறகும் பிள்ளை தூங்கினால் தறி நிற்பது நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தெரு அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டது. ஈரோட்டு ஜவுளிக்காரர்களும் சரக்கு ஒரு நாள் பிந்தும் என்று தெரிந்தே ஆர்டர் கொடுத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பிரீத்திக்கு வளைகாப்பு நடந்தது, குமாரபாளையத்தில். அவள் பிள்ளையால் எந்தத் தறியும் நிற்கவில்லை. மயில்சாமிக்கு அதில் சிறு வருத்தம் இருந்ததாகச் சொல்வார்கள். சாரதாமணிதான் மகளுக்கு முதல் வளையலைப் பூட்டினாள். அந்த நேரம் நிலாவை மயில்சாமி தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். தோளிலேயே அது தூங்கிப்போயிற்று. பின்கட்டில் இருந்த அவருடைய பட்டறைத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அவசரச் சரக்கு, அன்று ராத்திரி லாரி ஏற வேண்டியது. தறி ஓட்டுகிறவர்கள் வெளியே வந்து முதலாளி முகத்தைப் பார்த்தார்கள். மயில்சாமி குழந்தையை எழுப்பவில்லை. போய் டீ குடித்துவிட்டு வரும்படி ஜாடை காட்டினார்.