நாற்பதடிச் சாலை

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். பால் வைத்தேன். பால் பொங்குவதற்குள் டேப்பை எடுத்து, சாலை எதுவரை வந்திருக்கிறது என்று அளந்தேன். ஃபிரிட்ஜைத் தாண்டியிருந்தது. சுகிர்தாவின் பீரோவுக்கு இன்னும் ஒன்றரை அடி.

சாலை ஒரு நாளைக்கு ஓரடி வரும். நாற்பதடிச் சாலை. என் வீட்டின் அகலம் பதினெட்டடி. எப்படியோ அடங்கிவிடுகிறது.

பீரோவில் அவள் கடைசியாக உடுத்திய துணிகள் இருக்கின்றன. நான் துவைக்கவில்லை. நாளை மறுநாள் அவை சாலையில் கிடக்கும்.

அந்தச் சாலையை வரைந்தது நானும் சுகிர்தாவும்தான். நகரமைப்புப் படிப்பின் இறுதியாண்டில், ஒரே தாளில். வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. யாரும் இல்லை என்று நினைத்தோம். பிறகு கல்யாணம் செய்துகொண்டோம். பிறகு நிஜமாகவே சாலையைப் போட்டார்கள். நான்கு மாதத்துக்கு முன் அதில் ஒரு லாரி அவளை அடித்தது.

சுடுகாட்டிலிருந்து வீட்டுக்கு வந்தேன். சாலையும் பின்னாலேயே வந்தது.

சாலைக்கு ஆட்சேபணை தெரிவிக்க இன்றே கடைசி நாள். நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. இருபுறமும் கவுண்டர்கள். எல்லாவற்றிலும் என் வகுப்புத் தோழர்கள். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா கேட்டார். கிடைத்திருந்தது. ஒருவன் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஒருத்தி கோட்டின் மேல் குடியிருப்பவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னொருவன் கோட்டை ஒட்டி மனை விற்றான். யாரும் தலை நிமிரவில்லை.

கடைசிக் கவுண்டரில் ஜெபராஜ். விடுதியில் என் அறையில் இருந்தவன்.

“வா மச்சான். சாப்ட்டியா?”

“ரோட்ட நிறுத்தணும்.”

“நீ போட்ட ரோடுதானடா.” எங்கள் தாளை விரித்தான். அடியில் இரண்டு கையெழுத்து. “ரெண்டு பேரும் ஆட்சேபிக்கணும். சுகிர்தா எங்க?”

“செத்துட்டா. ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஊர் ஜனத்தொகைல நான்தான் ஒண்ணு கழிச்சேன்.” ஒரு படிவத்தைத் தள்ளினான். “அப்ப அவ கடைசியா என்ன சொன்னான்னு எழுது. அத அவ ஆட்சேபணையா எடுத்துக்குவோம்.”

‘உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள்’ என்று எழுதினேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவள் அம்மாவிடமும்.

ஜெபராஜ் சிரித்தான். “எல்லாப் புருஷனும் இதையேதான்டா எழுதறான். உள்ள ஒரு ரூம் ஃபுல்லா இருக்கு. நெசமா என்ன சொன்னா?”

“ஞாபகம் இல்ல.”

“அப்ப ரோடு போகட்டும்.”

கால் சுட்டது. குனிந்து பார்த்தேன். தாழ்வாரத்தின் தரை தாராக இருந்தது. எதிர்ப்பக்கம் சுகிர்தாவின் பீரோ நின்றது. கதவு பாதி திறந்து, பச்சைச் சுடிதாரின் ஒரு கை வெளியே தொங்கியது. தாழ்வாரத்தின் கோடியில் லாரி ஹாரன் அடித்தது.

“சீக்கிரம் எழுதுடா. வண்டி வருது.”

பேனா நழுவியது. எடுத்தேன். முதலில் எழுதியதை அடித்தேன்.

அன்று அவள் ஒரு காலைத் தாரில் வைத்தாள். இடமும் வலமும் பார்த்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

“டேய், ஆளுங்க கடக்க நாம எடமே விடலியேடா.”