பார்க்காமல் போட்ட கையெழுத்து

1.
இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. நான் பதினெட்டு வருடமாக நர்ஸ். எங்கள் மருத்துவமனையில் வருடத்துக்கு ஒருமுறை, கூட வேலை பார்க்கிறவருக்கு நாமே மார்க் போட வேண்டும். அவர் நமக்குப் போடுவார். பயிற்சி, பதவி உயர்வு எல்லாம் அதை வைத்துத்தான்.

முதல் வரியாக ‘மருத்துவமனை மெல்லக் கண் விழித்தது’ என்று எழுதினேன். அது தூங்கினால்தானே விழிப்பதற்கு? அடித்துவிட்டேன்.

2.
இந்த வருடம் நானும் எனக்கு மார்க் போட வேண்டியவளும் ஒரே வார்டு. அவள் என்னைவிட ஏழு வயது இளையவள். என்னை அக்கா என்பாள். (கதைக்காக அவளைக் கொஞ்சம் கெட்டவளாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

இன்சுலின் போடுவதற்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒருத்தி மருந்தை ஊசியில் இழுக்க வேண்டும். இன்னொருத்தி அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நடப்பது வேறு. தாளை நீட்டுவார்கள், போட்டுவிடுவோம். வேலை அப்படித் தலைக்கு மேல்.

தீவிர சிகிச்சைப் பயிற்சிக்கு எங்கள் இரண்டு பேரின் பெயரும் போயிருந்தது. நான் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

3.
தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, என்னைப் பற்றி அவள் படிவத்தில் எழுதியதைக் காட்டினார். ‘அளவைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார். நான் நீட்டும் தாளிலும் அப்படித்தான்.’

எனக்குத் தலையில் இடி விழுந்

இல்லை, அப்படி இல்லை. காது சுட்டது. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.

நாளை மதியத்துக்குள் பதில் எழுதித் தரச் சொன்னார். பொய் என்று எழுதினால் விஷயம் அதோடு முடியும், அவள் பேர் கெடும். உண்மை என்று எழுதினால் இரண்டு பேருக்கும் விசாரணை, பயிற்சியும் கிடையாது.

4.
மருந்து அறையில் அவளைப் பிடித்தேன்.

“என்னைப் போட்டுக் குடுத்துட்டியேடி.”

“என்னையும் சேத்துத்தானேக்கா எழுதினேன்.”

கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

“போன வாரம் ஆறாம் கட்டிலுக்கு நாலு யூனிட் இன்சுலின் போடணும். பதினாலு இழுத்துட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. ஊசியக் குத்தப் போறப்பதான் என் கண்ணுல பட்டுச்சு. கீழ ஊத்திட்டேன்.”

(இங்கே என் மனநிலையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து அழகாக இருந்தது. அதைப் போட்டது எனக்கு நினைவே இல்லை. அந்தக் கட்டிலில் இருந்தவரின் முகமும் நினைவில்லை.

5.
முதல் முடிவு: உண்மை என்று எழுதுகிறேன். பதினெட்டு வருடப் பேர் போகிறது.

இரண்டாம் முடிவு: பொய் என்று எழுதுகிறேன். அவள் என்னை அக்கா என்பதை நிறுத்திவி

மூன்றாவதாக ஒன்றை ஜோடிக்கப் பார்த்தேன். வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

படிவம் எதிரே இருக்கிறது. பதில் எழுத இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். கதை எழுதத் தெரிந்த எனக்கு இது ஓடவில்லை, அதனால் உங்களைக் கேட்கிறேன். ஆனால் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள். ஆறாம் கட்டிலில் படுத்துக்கொண்டு, சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, நான் ஊசியோடு வருவதைப் பார்த்தபடி சொல்லுங்கள்.