வணிக மதிப்பு இல்லை

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி, விநாயகர் சதுர்த்தியன்று காலை ஒன்பதரை மணிக்கு, திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஜானி பாஷாவின் கடையில் அமெரிக்கா போகக் கட்டி வைத்திருந்த நாற்பத்தொரு மெத்தைகளும் ஒரே நொடியில் எடை கூடின. இரண்டரைக் கிலோ மெத்தை மூன்று கிலோ ஆனது. அன்றைக்கு மார்க்கெட்டில் அருகம்புல் கட்டு இருபது ரூபாய், களிமண் பிள்ளையார் சின்னது அறுபது, குடையோடு எண்பது. அதே மாதம் ஏழாம் தேதி இரண்டு கிலோ மெத்தை இரண்டரை ஆனபோது, மழை ஈரத்தில் பஞ்சு ஊறிவிட்டது என்று சொல்லி ஜானி பாஷா எல்லாவற்றையும் மொட்டை மாடியில் காயப்போட்டுப் பார்த்தார். இந்த முறை அவர் மனைவி மஹ்பூபா, பக்கத்து அலமாரியில் ஜெர்மனிக்காக வைத்திருந்த ஆறு மெத்தைகளையும் எடை மேடையில் ஏற்றினாள். அவை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. நம் சரக்குக்கு அமெரிக்காக்காரர்கள் முதலில் இருபத்தைந்து, அப்புறம் இன்னொரு இருபத்தைந்து, ஆக நூற்றுக்கு ஐம்பது வரி போட்டுவிட்டார்கள் என்று டீக்கடை டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஐம்பதுதான் கடைக்குள் வந்து மெத்தைகளில் ஏறிக்கொண்டது.

அந்தக் கடையின் வழக்கத்தைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தியானத்துக்கு உட்கார வட்ட மெத்தை கேட்டு வருவார்கள். ஜானி பாஷா முதலில் அவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி எடை மேடையில் நிறுத்துவார். உடம்பின் எடைக்குத் தகுந்தபடி இலவம்பஞ்சு. ஒரு பிடி கூடினால் ஆள் ஆடுவார், ஒரு பிடி குறைந்தால் கால் மரத்துப்போகும். உறையின் உட்புறம், அடித் தையலை ஒட்டி, உட்காரப் போகிறவரின் பெயரையும் எடையையும் மஹ்பூபா சிவப்பு நூலில் தைப்பாள். பெயர் தைத்த மெத்தையில் வேறு யாரும் உட்காரக் கூடாது. கடையில் இருந்த ஒரே சட்டம் அதுதான். ஒருமுறை பூனை படுத்துவிட்டது என்பதற்காக ஒரு மெத்தையை முழுக்கப் பிரித்துப் பஞ்சை அடித்து மறுபடியும் தைத்தவர் அவர். ஊருக்குத் திரும்பியவர்கள் போனிலேயே எடையைச் சொல்லி அடுத்த மெத்தை கேட்பார்கள். அப்படிச் சேர்ந்ததுதான் இந்த நாற்பத்தொன்றும். பெயர் ஏறிவிட்டதால் வேறு யாருக்கும் விற்க முடியாது. அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதைத் தபால்காரர்கள் நிறுத்திவிட்டதால் அனுப்பவும் முடியாது. தைக்க வந்த ஐந்து பெண்களில் நான்கு பேர் செப்டம்பர் பாதிக்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அடி அண்ணாமலையிலிருந்து வரும் ஜோதியம்மாள் மட்டும், "வூட்ல குந்தி இன்னா பண்ணப்போறேன் அக்கா" என்று சொல்லி வந்துகொண்டிருந்தாள்.

செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை ஊர் முழுக்க லேசானது. அன்றுதான் உள்நாட்டு வரியைக் குறைத்தார்கள். சோப்பு, பற்பசை, நெய், தலைக்கு எண்ணெய், சைக்கிள் எல்லாம் எடை இறங்கின. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒருவர் புது சைக்கிளை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு தேரடித் தெருவில் நடந்து போனதை ஆயிரம் பேர் பார்த்தார்கள். தையல் மிஷினுக்கும் குறைந்திருந்ததால் ஜோதியம்மாள் ஒன்றை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தாள். அமெரிக்கா மெத்தைகள் மட்டும் இம்மியும் இறங்கவில்லை. ஊரே சந்தோஷமாக இருக்கும்போது ஒரு வீடு மட்டும் அழுதால் அந்த அழுகைக்கு மதிப்பே இல்லை, என்ன செய்ய! ஜானி பாஷா ஹெலன் என்கிற அம்மாளின் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது முறையாகத் தபால் நிலையம் போனார். முடியாது என்றார்கள். திரும்பி வந்து மெத்தையைத் தரையில் வைத்தார். முப்பத்தொரு வருஷம் செய்யாததை அப்போது செய்தார். தலையில் கை வைத்தபடி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

எழ முடியவில்லை. அறுபது கிலோ மனிதர் அந்த நிமிடமே தொண்ணூறு கிலோ ஆகியிருந்தார். அமெரிக்கா போகும் சரக்கின் மேல் உட்கார்ந்தவரும் அமெரிக்கா போகும் சரக்கு. துறைமுகத்தில் தேங்கிய பெட்டிக்கு நாள் வாடகை ஏறுவதைப் போல அவருக்கும் நாளுக்கு மூன்று கிலோ ஏறியது. எடை மேடை தேவைப்படவில்லை; பிறர் உடம்பை எடை போட்டே வாழ்ந்தவருக்குத் தன் உடம்பு தெரியாதா? தினமும் காலையில் அவரே சொல்வார்: "தொண்ணூத்தாறு." மறுநாள், "தொண்ணூத்தொம்பது." ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆறு பேர் வந்து தூக்கிப் பார்த்தார்கள். டயர் கடையிலிருந்து ஜாக்கி கொண்டுவந்தார்கள். ஜாக்கி தரையில் இறங்கியது. சிவப்பு நூல் பெயரைப் பிரித்துவிடலாம் என்றால் அது அவருக்கு அடியில் இருந்தது. மஹ்பூபா மெத்தையின் பக்கவாட்டைக் கிழித்துப் பஞ்சைப் பிடிபிடியாக இழுத்தாள். கடைசிப் பிடி வந்ததும் அவர் வெறும் உறையோடு தரையில் பதிந்தார். டைல்ஸ் விரிசல் விட்டது. பார்க்க வந்த டாக்டர், எடை இப்படியே ஏறினால் விலா எலும்பு நுரையீரலை நசுக்கும் என்றும், நூற்று அறுபத்தைந்துக்கு மேல் தாங்காது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மஹ்பூபாவுக்குச் சோறு இறங்கவில்லை. இரவும் பகலும் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டம், ரோட்டோரக் கடையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்து வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுப் போனது. "நான் மெத்தைக் கடை பாய்ங்க, எந்திரிக்க முடியாம குந்தினுகிறேன்" என்று அவர் திணறித் திணறிச் சொன்னார். அதில் பெரிய தத்துவம் இருப்பதாக நினைத்து இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள்.

அக்டோபர் பதினைந்தாம் தேதி தபாலில் மறுபடியும் வழி திறந்தது. அமெரிக்கா வரியை இங்கேயே, பார்சல் போடும்போதே கட்டிவிட வேண்டும். மஹ்பூபா முதலில் ஒரே ஒரு மெத்தையைக் கொண்டுபோய்ப் பாதி மதிப்பைக் கட்டினாள். கவுன்ட்டரில் இருந்த தமிழ்செல்வி முத்திரையைக் குத்தியதும் மெத்தை அவள் கண் முன்னாலேயே இரண்டு கிலோவுக்கு இறங்கியது. மஹ்பூபா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு கடையில் இருந்த நான்கு தையல் மிஷின்களையும் விற்றாள். வாங்கியவர் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு இரண்டு நடையில் முடித்தார். அந்தப் பணத்தில் மீதி முப்பத்தொன்பது மெத்தைகளும் கிளம்பின. நாற்பத்தொன்றாவதற்கும் கட்டினாள், உறை மட்டும் லேசானது, உட்கார்ந்திருந்தவர் ஆகவில்லை. மதிப்புப் பத்தியில் மெத்தையை மட்டும்தானே காட்டியிருந்தாள்.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் ஜானி பாஷா, "நூத்தி அறுவத்தஞ்சு" என்றார். அதைச் சொல்லவே அவருக்கு நான்கு மூச்சு பிடித்தது. மஹ்பூபா ஓடிப்போய்த் தமிழ்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் நல்ல மாதிரி. தூக்க முடியாத பார்சலுக்கு இருக்கிற இடத்திலேயே முத்திரை போடலாம் என்று சொல்லி, முத்திரையையும் கையடக்க மிஷினையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கூடவே வந்தாள்.

"மெத்தை ஒண்ணு, ஆள் ஒண்ணுன்னு போட்டுட்டேன்க்கா. வரி கட்டுனதும் எடை எறங்கிடும். அப்புறம் பாயை எழுப்பிட்டு உறையை மட்டும் அனுப்பிடலாம். இவரோட மதிப்பு எவ்ளோ?"

"மதிப்புன்னா?"

"ரூபாய்லதான்க்கா. அதைப் போடாம மிஷின் அடுத்த பக்கம் போகாது."

தமிழ்செல்வி நீட்டிய தபால் பாரத்தையும் பேனாவையும் பிடித்தபடி மஹ்பூபா நின்றாள். அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, ஆட்டோவுக்குக் காத்திராமல் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் இவர். காலடிச் சத்தத்தை வைத்தே, "இன்னிக்கு ரெண்டு கிலோ எளைச்சிருக்கே, இன்னா வெசனம் உனக்கு?" என்று கேட்கிறவர். இதற்கெல்லாம் ரூபாயில் எவ்வளவு? அதில் பாதி எவ்வளவு? செங்கம் ரோட்டையே விற்றாலும் கட்டி மாளாது. வீட்டிலோ விற்க ஒரு ஊசிகூட இல்லை.

"கம்மியா போட்டா?" என்றாள்.

"கொறைச்சுக் காட்டுனா சரக்கையே பறிமுதல் பண்ணிருவாங்கக்கா."

அது மஹ்பூபாவுக்கும் தெரியும். பாஷா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அவர் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தார். ஜெர்மனிக்குச் சாம்பிள் துணித் துண்டுகளை அனுப்பும்போது மதிப்புப் பத்தியில் மூன்று சொற்களை எழுத வேண்டும், அப்போது வரியே கிடையாது. பின்னால் பாஷாவின் மூச்சு விசில் மாதிரி இழுத்தது. மஹ்பூபா பாரத்தைத் தொடையில் வைத்து, அந்த மூன்று சொற்களையும் எழுதினாள். எழுதும்போது கை நடுங்கவில்லை என்பதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் அழுதாள்.

"அனுப்புறவர் கையெழுத்து வேணும்" என்று தமிழ்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அனுப்புகிறவர் என்று பதிவாகியிருந்தது ஜானி பாஷாவின் பெயர்தான். ஆக, பாரத்தை அவர் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. ஜோதியம்மாள் எடுத்துக் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். பொருள்: ஆள், ஒன்று. மதிப்பு: வணிக மதிப்பு இல்லை. எழுத்து யாருடையது என்று கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் சிவப்பு நூலில் பார்த்த எழுத்து.

"ஏங்க, உங்க உசுருக்காகத்தான்..." என்றாள் மஹ்பூபா.

"சரியாத்தான் எழுதினுகிறே" என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார்.

முத்திரை விழுந்தது. ஜானி பாஷா ஒரு முழு மூச்சு இழுத்தார். இருபத்தைந்து நாளில் அதுதான் முதல் முழு மூச்சு. அடுத்த மூச்சில், உட்கார்ந்த நிலையிலேயே தரையை விட்டுக் கிளம்பி, மேஜையைத் தாண்டி, நேராகக் கூரைக்குப் போனார். ஜோதியம்மாள் பாய்ந்து மின்விசிறியை நிறுத்தினாள். மதிப்பு இல்லாததற்கு வரி இல்லை, வரி இல்லாததற்கு எடையும் இல்லை. மிஷின் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தது. உறை மட்டும் தரையில் கிடந்தது. தமிழ்செல்வி அதை மடித்து எடுத்துப்போய் அனுப்பி வைத்தாள். மறுநாள் மஹ்பூபா மதிப்பைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டுப் போனாள். முத்திரை விழுந்த பாரத்தில் திருத்தம் இல்லை என்றார்கள்.

அதன்பிறகு கார்த்திகை தீபம் வந்தது, பழைய ஆட்கள் வந்தார்கள், தவணையில் ஒரு மிஷின் வந்தது. ஜானி பாஷா கூரையடியிலிருந்தே எடை சொல்கிறார். உச்சந்தலையைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். இடுப்பில் கட்டிய பாவாடை நாடாவின் மறுமுனை மிஷின் காலில் இருக்கிறது. வந்தவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் மெத்தையைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த ஊரில் யாரும் அதை ஒரு அதிசயமாகக் கேட்பதில்லை. வரி இறங்கியது, ஏறியது என்று டிவியில் சொல்லும்போது கடைக்காரர்கள் எல்லாரும் தராசுக்கு ஓடுகிறார்கள். அவர் ஓட வேண்டியதில்லை. எத்தனை சதவீதம் போட்டாலும் பூஜ்யத்தின் மேல் ஒன்றும் ஏறாது.

மஹ்பூபா அவருக்கென்று ஒரு மெத்தை தைத்தாள். உள்ளே சிவப்பு நூலில் அவர் பெயர், பக்கத்தில் அறுபது. சாப்பாட்டு நேரத்துக்கு நாடாவைச் சுற்றிச் சுற்றி அவரை அதன் மேல் இறக்குவாள். அப்போதும் மெத்தைக்கும் அவருக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும். இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அவளும் சாப்பிடுவாள். முடிந்ததும் அவர், "உடு மஹ்பூபா, வேலை கிடக்குது" என்பார். சாப்பிட்ட கை காயும்வரை அவள் விடமாட்டாள். பிறகு விடுவாள்.