சமையலறை மட்டும் கிழக்கு

தையற்காரியின் வீடு இரண்டு மாவட்டங்களில் இருந்தது. கூடம் மேற்கில், பின்னால் சேர்த்துக் கட்டிய சமையலறை கிழக்கில். பெருந்தொற்று வரும்வரை அதை யாரும் சட்டை செய்ததில்லை.

லாரி ஓட்டும் கணவனுக்குக் காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் காலை மூச்சு வாங்கியது. மேற்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"சிலிண்டர் ஒண்ணுதாம்மா இருக்கு. வரிசையில ஏழு பேர். டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவாரு."

அன்று புதன்கிழமை.

கிழக்கில் கட்டிலுக்குக் கட்டில் ஆக்சிஜன் குழாய் உண்டு. அங்கே கூப்பிட்டு, உள்ளதைச் சொன்னாள்.

"நோயாளி எங்க எல்லைக்குள்ள படுத்திருந்தாதாம்மா வண்டி வரும்."

"படுத்துட்டாருன்னே வச்சுக்குங்க!" என்று போனை வைத்தாள்.

எதிர்வீட்டுத் தபால்காரர் முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். இருவரும் கட்டிலை இழுத்தார்கள். அது பாதி தூரம் போய் நிலைப்படியில் சிக்கிக்கொண்டது. தலைமாட்டில் அடுப்பைப் பார்த்த கணவன் திணறிக்கொண்டே கேட்டான்: "என்னடி... தாளிக்கப் போறியா?"

"பேசாம மூச்சு விடுங்க!"

வண்டி வந்தது. வந்தவர் கையில் வரைபடம். கட்டிலையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கால் ரெண்டும் மேற்குல இருக்கேம்மா."

"ஏன் சார், மூச்சு மூக்கால விடுறாரா, காலால விடுறாரா?"

அவர் வரைபடத்தை மடித்து வைத்தார். "அந்தப் பக்கம் பிடிங்க" என்றார்.

பன்னிரண்டாம் நாள் கணவன் இளைத்துத் துரும்பாகத் திரும்பி வந்தான். அதற்குள் அதே தெருவில் இரண்டு பேர், சிலிண்டர் முறை வருவதற்கு முன்பே, போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் வந்தது அதே காய்ச்சல்தான். அதைக் கேட்ட நாளிலிருந்து தையற்காரிக்கு மிஷின் ஓட்டக் கை வரவில்லை.

அடுத்த வாரம் தபால்காரருக்கு இருமல் ஆரம்பித்தது. அவர் வீடு முழுக்க மேற்கு. அவள் யோசிக்கவே இல்லை. பாத்திரங்களைக் கூடத்துக்குத் தூக்கிப்போட்டாள், சமையலறையில் பாயை விரித்தாள், கையோடு அவரை அழைத்துவந்து படுக்க வைத்தாள்.

"நமக்குச் சோறு?" என்றான் கணவன்.

"உயிரோட இருந்தா பொங்கிக்கலாம்."

தபால்காரர் பிழைத்தார். அவருக்குப் பின் அவர் மனைவி, அப்புறம் மூலைவீட்டுக் கொத்தனார். நான்காவது முறை போன் போட்டபோது மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"உங்க சமையலறையில மொத்தம் எத்தனை பேரும்மா குடியிருக்கீங்க?"

"பெரிய குடும்பம் சார். வண்டியைச் சீக்கிரம் அனுப்புங்க."